வெண்பனியில் ஓடும் சின்னஞ்சிறு இரயில்

நம் மொழியில் ‘பனி’ என்னும் ஒரே சொல் பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. மார்கழி விடியலில் புல் நுனியில் திரளும் நீர்த்துளியும் பனி. சாலையை மறைக்கும் மூடலும் பனி. உதகையில் சில இரவுகளில் புல்வெளிமீது படியும் உறைபனியும் பனிதான். வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து தரையில் குவியும் பனியை நம்மில் பெரும்பாலோர் படங்களில்தான் கண்டிருக்கிறோம். அதனை இக்கட்டுரையில் ‘வெண்பனி’ என்று குறிப்பிடுகிறேன். அந்த வெண்பனியில், வீட்டுத் தோட்டத்துக்குள், ஒரு சாண் உயரம்கூட இல்லாத இரயில் வண்டியை ஓட்டுவதும், காண்போர் மெய்யான இரயில் என்று நம்பும்படி அதனைப் புகைப்படம் எடுப்பதும் மேலைநாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று பெயரே தவிர, அதனுள் இயற்பியல் பாடங்கள் பல அடங்கியிருக்கின்றன.

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆராய்ச்சிப் பணியின் பொருட்டு ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் இரண்டு குளிர்காலங்களைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அடுத்த வீட்டுப் பெரியவர் இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தோட்டத்தில் ஆப்பிள் மரங்களைச் சுற்றி ஏறக்குறைய 40 மீட்டர் நீளத்துக்குச் சிறு தண்டவாளம் போடப்பட்டிருந்தது. அவருக்கு உதவியாளாக நின்று நான் கற்றவற்றை மாணவ நண்பர்களோடும் சக ஆசிரியர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்துக்கு வந்த இரயில்

நியூரம்பர்க்குக்கு இரயில் வரலாற்றில் தனி இடம் உண்டு. ஜெர்மனியில் நீராவி எஞ்சின் இழுத்த முதல் பயணிகள் இரயில் 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பர்க்கிலிருந்து ஃபூர்த் என்னும் ஊருக்குத்தான் ஓடியது. பொம்மைத் தொழிலுக்கும் பெயர் பெற்ற நகரம் அது. 1881-இல் தொடங்கப்பெற்ற லேமன் என்னும் பொம்மை நிறுவனம், 1968-ஆம் ஆண்டு நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியில் ஒரு புதுமையை அறிமுகம் செய்தது. அதுவரை மாதிரி இரயில்கள் பெரும்பாலும் மேசைமேல் ஓடுபவை. ஈரம் பட்டால் கெட்டுவிடும். லேமனின் இரயிலோ மழையிலும் வெயிலிலும் தோட்டத்திலேயே கிடக்கலாம். தண்டவாளம் பித்தளை, அடிக்கட்டைகள் வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக். எல்.ஜி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் இவ்வகை, 2007 முதல் மார்க்லின் என்னும் மற்றொரு ஜெர்மன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

இவ்விரயிலின் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 45 மி.மீ. பெரிய இரயில்களில் ‘மீட்டர் கேஜ்’ பாதையின் அகலம் 1000 மி.மீ. என்பது நாம் அறிந்ததே. 1000-ஐ 45-ஆல் வகுத்தால் 22-க்குச் சற்று மேல் வரும். எனவே மீட்டர் கேஜ் வண்டிகளை 22.5 பங்கில் ஒன்றாகச் சுருக்கி இப்பாதையில் ஓடவிடுகின்றனர். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் இரயில்வே இவ்வகையில் பலரும் விரும்பும் முன்மாதிரி. நம் நீலகிரி மலை இரயிலும் மீட்டர் கேஜ்தான் என்பதையும், அதில் பல்லாண்டுகள் உழைத்த எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை என்பதையும் இங்கு நினைவுகூரலாம். ரேட்டியன் இரயில்வேயின் பழைய நீராவி எஞ்சின்கள் சிலவும் அதே தொழிற்சாலையில் உருவானவை. நீலகிரிப் பாதை 2005-இலும், ரேட்டியனின் அல்புலா, பெர்னினா பாதைகள் 2008-இலும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் ஆயின.

சிறுக்க மறுக்கும் வெண்பனி

எஞ்சினைச் சுருக்கலாம், பெட்டியைச் சுருக்கலாம், நிலையத்தையும் பாலத்தையும் சுருக்கலாம். வெண்பனியைச் சுருக்க முடியுமா? இவ்வொரு கேள்வியில்தான் இக்கலையின் இடர்ப்பாடுகள் அனைத்தும் அடங்கியுள்ளன.

தோட்டத்தில் 10 செ.மீ. வெண்பனி விழுந்தால் நமக்குக் கணுக்கால் அளவு. 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள். சின்ன இரயிலின் உலகில் அது 2.25 மீட்டர் ஆகிவிடும். ஆளை மூழ்கடிக்கும் உயரம். ஆயினும் உயரம் ஒன்றே சிக்கல் என்றால் எளிதில் சமாளித்துவிடலாம்.

கலிலியோ 1638-இல் வெளியான தம் ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் விளக்கிய உண்மை ஒன்று உண்டு. ஒரு பொருளின் நீளத்தைச் சுருக்கினால் அதன் பரப்பு இருமடிப் பெருக்கமாகவும், பருமன் மும்மடிப் பெருக்கமாகவும் குறையும். 22.5-இன் வர்க்கம் ஏறக்குறைய 506; கனம் ஏறக்குறைய 11,390. ஆகவே 60 டன் எடையுள்ள எஞ்சினை எல்லா வகையிலும் ஒத்த மாதிரியாகச் செய்தால், அதன் எடை 5.3 கிலோதான் இருக்கும். வெண்பனித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் விசையோ பரப்பைப் பொறுத்தது. அது 506-இல் ஒரு பங்காக மட்டுமே குறையும். எடை 11,390-இல் ஒரு பங்காகக் குறைய, ஒட்டும் விசை 506-இல் ஒரு பங்காக நின்றுவிட்டால், எடையோடு ஒப்பிடுகையில் அவ்விசை 22.5 மடங்கு வலுப்பெற்றதாகிறது. பெரிய எஞ்சினுக்கு மாவாகத் தோன்றும் அதே வெண்பனி, சின்ன எஞ்சினுக்குச் சுண்ணாம்புச் சாந்தாக மாறிவிடுகிறது.

பெர்னினா பாதையில் வெண்பனியை அகற்ற 1910-இல் கட்டப்பெற்ற நீராவிச் சுழல்கலப்பை ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. முன்புறம் பெரிய சக்கரம் சுழன்று வெண்பனியை வாரிப் பக்கவாட்டில் வெகுதூரம் வீசும். 2,253 மீட்டர் உயரத்தில் உள்ள ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தைக் கடக்கும் பாதைக்கு இத்தகைய கருவி இன்றியமையாததாக இருந்தது. அதே கலப்பையின் சிறு மாதிரியை ஈர வெண்பனியில் இறக்கினால், சில விநாடிகளில் சக்கரம் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். உருவம் ஒத்திருந்தும் செயல் ஒத்திருப்பதில்லை.

பாதையை ஆயத்தம் செய்தல்

ஆகவே பெரியவர் முதலில் பார்ப்பது வெப்பமானியைத்தான். புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்றே. ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோ எடைதான் இருக்கும். பூஜ்யத்துக்கு ஐந்து டிகிரி கீழே இருந்தால் அது உலர்ந்த உமிபோல் இருக்கும்; கலப்பை தள்ளினால் ஒதுங்கும். பூஜ்யத்தை நெருங்கினால் ஈரம் கண்டு ஒட்டும். நேரமும் முக்கியம். உறைநிலைக்குக் கீழே இருந்தாலும் பனிப்படிகங்கள் தொட்டுக்கொண்ட இடங்களில் நாளடைவில் ஒன்றோடொன்று இணைந்து இறுகிவிடும். எனவே இரவில் விழுந்ததைக் காலையிலேயே கவனிக்க வேண்டும்.

இரண்டு செ.மீ. வரை எனில், ஈயக்கட்டி ஏற்றிய வண்டியின் முன் ஆப்பு வடிவக் கலப்பை பொருத்தி எஞ்சினால் தள்ளலாம். அதற்கு மேற்பட்டால் முதலில் கைத்துடைப்பம்தான். தண்டவாளத்தின் உயரம் 8.4 மி.மீ.; சக்கர விளிம்போ அதைவிடச் சிறியது. தண்டவாளத்தின் உட்புறத்தில் வெண்பனி இறுகிக் கிடந்தால் சக்கர விளிம்பு அதன்மேல் ஏறி வண்டி தடம் புரளும். ஆதலால் உட்புறத்தைத் தூரிகையால் கோதிவிட வேண்டும். ‘பாயின்ட்ஸ்’ என்று நம் இரயில்வே ஊழியர்கள் சொல்லும் பாதை மாறும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. நகரும் தண்டவாளத்துக்கும் நிலையான தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சிட்டிகை வெண்பனி சிக்கினாலும் பாதை முழுமையாக மாறாது. இதற்காகவே பெரிய இரயில்வேக்களில் பாயின்ட்ஸ்களுக்குச் சூடேற்றும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அவ்வமைப்பு இல்லாத இடங்களில் துடைப்பம் ஏந்திய மனிதர்கள் இரவெல்லாம் நின்றார்கள். நம் பெரியவர் இளமையில் பார்த்த வேலை அதுதான்.

பித்தளை சுருங்குவதையும் மறக்கலாகாது. ஒரு மீட்டர் பித்தளை, ஒரு டிகிரி குளிர்ந்தால் 0.019 மி.மீ. சுருங்கும். கோடையில் 35 டிகிரியில் கிடந்த 10 மீட்டர் தண்டவாளம் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கு 15 டிகிரி கீழே போனால் 9.5 மி.மீ. குறைந்துவிடும். இணைப்புகள் விலகி, மின்சாரம் தடைப்படும்.

மின்சாரமும் நீராவியும்

இவ்விரயில்களில் பல, தண்டவாளம் வழியே வரும் குறைந்த வோல்ட் மின்சாரத்தால் ஓடுபவை. வெண்பனி ஈரமாயிற்றே, இரு தண்டவாளங்களுக்கும் இடையே மின்கசிவு ஏற்படாதா என்று மாணவர்கள் கேட்கலாம். அவ்வளவாக ஏற்படுவதில்லை. வெண்பனி ஏறக்குறையக் காய்ச்சி வடித்த நீருக்கு ஒப்பானது. உப்புகள் மிகக் குறைவு. ஆகவே மின்சாரத்தை எளிதில் கடத்தாது. தொல்லை தருவது இதற்கு நேர்மாறானது. தண்டவாளத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம் உருவாகிச் சக்கரத்துக்கும் பித்தளைக்கும் நடுவே திரைபோல் நின்று மின்சாரத்தைத் தடுத்துவிடும். எஞ்சின் நின்று நின்று போகும். சிலர் தண்டவாளத்தை நம்பாமல் பெட்டிக்குள் பேட்டரி வைத்து ஓட்டுகின்றனர். குளிரில் பேட்டரியின் அகத்தடை கூடிவிடும். எனவே ஓட்டத் தொடங்கும்வரை அதனைச் சட்டையின் உட்பையில், உடலின் சூட்டில் வைத்திருப்பர். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது மின்னேற்றம் செய்யவே கூடாது. அதன் உட்புறம் நிலையாகப் பழுதுபடும்.

மெய்யான நீராவியால் ஓடும் சிறு எஞ்சின்களும் உண்டு. அவற்றின் கொதிகலனைப் பியூட்டேன் வாயுவை எரித்துச் சூடாக்குவர். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. அதாவது, வெண்பனி உருகாமல் நிற்கும் குளிரில் பியூட்டேன் திரவமாகவே கிடக்கும். வாயுவாகி எரிய வராது! ஆகவே பூஜ்யத்துக்கு 42 டிகிரி கீழேயே கொதிக்கும் புரொப்பேனைச் சிறிதளவு கலந்த எரிவாயுவைப் பயன்படுத்துவர். தயாரிப்பாளர் அனுமதித்த கலவையை மட்டுமே நிரப்ப வேண்டும். புரொப்பேனின் அழுத்தம் மிகுதியாதலால் சிறு தொட்டி தாங்காது. தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான நீர் வைப்பதும் ஒரு வழி. ஓட்டி முடித்தபின் கொதிகலனிலும் குழாய்களிலும் ஒரு சொட்டு நீர்கூட இருக்கலாகாது. நீர் உறையும்போது பருமன் ஏறக்குறைய 9 சதவிகிதம் கூடும். செம்புக் குழாய் வெடித்துவிடும்.

இத்தனை தொல்லைக்கும் கைம்மாறாகக் குளிர் ஒரு பரிசும் தருகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள காற்று ஒரு கன மீட்டரில் 30 கிராம் நீராவியைத் தன்னுள் மறைத்துக்கொள்ளும். பூஜ்ய டிகிரியில் 5 கிராமைக்கூட அதனால் மறைக்க இயலாது. கோடையில் புகைபோக்கியை விட்டு வெளியேறியதும் மறையும் நீராவி, குளிர்காலத்தில் வெள்ளைவெளேரெனத் திரண்டு வண்டியின் பின்னே நீண்டு தொங்கும். நம் ‘புகைப்படம்’ என்னும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது.

கேமராவின் கண்

படம் எடுப்பவர் முதலில் தம் உயரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1.6 மீட்டர் உயரத்தில் உள்ள மனிதக் கண், இந்த அளவில் 7 செ.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும். நின்றபடி எடுத்தால் அது பொம்மையின் படம். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்தால் நிலையத்தில் நிற்கும் பயணி கண்ட காட்சி. 60 செ.மீ. தொலைவிலிருந்து எடுப்பது, பெரிய இரயிலை 13.5 மீட்டர் தள்ளி நின்று எடுப்பதற்குச் சமம். ஆனால் அண்மையில் எடுக்கும்போது குவியம் ஓரிடத்தில் மட்டும் கூர்மையாகி முன்னும் பின்னும் மங்கும். அம்மங்கலே பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கேமராவின் துளையை எஃப் 16 போன்ற சிறிய அளவுக்குக் குறைத்து, தாங்கியில் நிறுத்தி எடுப்பர். குவியத்தூரம் மிகக் குறைந்த கைப்பேசிக் கேமராக்கள், விலையுயர்ந்த பெரிய கேமராக்களைவிட இவ்வொன்றில் மேம்பட்டவை.

அடுத்தது ஒளி. கேமராவின் ஒளிமானி, எதிரிலுள்ள காட்சி சராசரிச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவிகிதத்தைத் திருப்புவது என்ற கணக்கில் இயங்குகிறது. புது வெண்பனியோ 80 முதல் 90 சதவிகித ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒளிமானியை நம்பி எடுத்தால் வெண்பனி சாம்பலாகவும் எஞ்சின் கரிக்கட்டையாகவும் விழும். ஒன்று முதல் இரண்டு படி ஒளியைக் கூட்ட வேண்டும். ஒரு படி என்பது இருமடங்கு. டிசம்பர் இறுதியில் அவ்வூரில் நண்பகலிலும் சூரியன் தொடுவானுக்கு மேல் 17 டிகிரிதான் எழும். ஒரு மீட்டர் கோலின் நிழல் மூன்றேகால் மீட்டர் நீளும். அச்சாய்ந்த ஒளியில்தான் வெண்பனியின் மேடுபள்ளங்கள் தெரியும். நிழல்கள் நீல நிறமாகத் தோன்றினால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள்; வெயில் படாத இடத்துக்கு ஒளி தருவது நீல வானமே.

பனி விழுந்துகொண்டிருக்கும்போது எடுப்பது அழகாயிருக்கும் என்று தோன்றும். ஒரு செ.மீ. பனித்துணுக்கு அச்சிறு உலகில் தலையணை அளவு ஆகிவிடும். ஆதலால் பனி நின்ற பிறகே எடுப்பர். நம் காலடித் தடமோ ஏழு மீட்டர்ப் பள்ளமாகத் தோன்றும். எங்கே நிற்பது, எவ்வழி போவது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு முறை மிதித்த வெண்பனியை மீண்டும் புதிதாக்க யாராலும் முடியாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த கேமராவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுசெல்லலாகாது. அறையின் ஈரம் அதன்மீதும் உள்ளும் துளித்துவிடும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி, அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காமல் வைக்க வேண்டும்.

ஓர் ஆல்பம்

பெரியவரிடம் ஓர் ஆல்பம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஒரே படம். அதே வளைவு, அதே எஞ்சின், பின்னால் அதே ஆப்பிள் மரம். வெண்பனி ஒரு பகலேனும் தரையில் தங்காத ஆண்டுக்கு அவர் அடியில் ஆண்டை மட்டும் எழுதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். முற்பகுதியில் அத்தகைய பக்கங்களைத் தேட வேண்டியிருந்தது. பிற்பகுதியில் தேட வேண்டியதில்லை. ஒரு தோட்டத்து ஆல்பத்தை வைத்து உலகத்தின் தட்பவெப்பத்தை முடிவு செய்யக் கூடாது என்பதை இயற்பியல் கற்பிப்பவன் அறிவேன். ஆயினும் ஆல்ப்ஸ் மலையின் தாழ்ந்த பகுதிகளில் வெண்பனி தரையில் தங்கும் நாள்கள் அண்மைப் பத்தாண்டுகளில் குறைந்து வந்துள்ளன என்பது அளந்து காணப்பட்ட உண்மை.

என் இரண்டாம் குளிர்காலத்தில் டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று. தண்டவாளம் ஈரத்தில் கிடந்ததே தவிர வெள்ளையாகவில்லை. அவ்வாண்டுப் பக்கமும் வெறுமையாகவே நிற்கும் என்று எண்ணியிருந்தோம். பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் அவர் என் கதவைத் தட்டினார். 6 செ.மீ. விழுந்திருந்தது, வெப்பமானி பூஜ்யத்துக்கு நான்கு டிகிரி கீழே காட்டியது. முழங்கால் வலியால் அவரால் குனிய இயலவில்லை. அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, நான் துடைப்பத்தால் பாதையையும் தூரிகையால் பாயின்ட்ஸ்களையும் துப்புரவு செய்தேன். வானிலை அறிக்கைப்படி நண்பகலுக்குள் உருகிவிடும். ஒன்பது மணிக்குக் கொதிகலனில் அழுத்தம் ஏறியது. எஞ்சின் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், அதாவது பெரிய இரயிலின் கணக்கில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், வளைவைச் சுற்றி வந்தது. நீராவி மரக்கிளைவரை எழுந்தது. வெண்பனியில் குப்புறப் படுத்து நான் கேமராவை இயக்கினேன். பதினொரு மணிக்குக் கிளைகளிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. படத்தை ஒட்டியபின் பெரியவர் பக்கத்தின் அடியில் ஆண்டை எழுதினார், வேறொன்றும் எழுதவில்லை.

மாணவ நண்பர்களே, நமக்கு வெண்பனி இல்லை, மழை உண்டு. மழை ஓய்ந்த ஒரு மாலையில் பொம்மைப் பேருந்து ஒன்றைத் தேங்கிய நீரோரம் நிறுத்துங்கள். அதன் நீளத்தை அளந்து, மெய்யான பேருந்தின் நீளத்தை அதனால் வகுத்து அளவுவிகிதத்தைக் காணுங்கள். உங்கள் கண்ணின் உயரத்தை அவ்விகிதத்தால் வகுத்து, அந்த உயரத்தில் கேமராவை வையுங்கள். படத்தில் பேருந்து மெய்போல் தோன்றும். கூரைமீது நிற்கும் ஒரு மழைத்துளி மட்டும் பூசணிக்காய் அளவில் நின்று உண்மையைச் சொல்லிவிடும். எதனைச் சுருக்க முடியும், எது சுருங்க மறுக்கும் என்பதை அத்துளி உங்களுக்குக் கற்பிக்கும். ஆய்வகத்தில் மாதிரி செய்வோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய பாடம் அது.